ஓர் எழுத்து மாறிய மதர்போர்ட்

என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். என் மகள் ஷெரின் பெட்டியைப் பார்த்தாள். நான் ஷெரினைப் பார்த்தேன்.

ஏதோ சரியில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?

ஆனால் அவள் வாயில் இருந்து வந்தது என்ன தெரியுமா? “சூப்பரா இருக்குப்பா!”

இது போன மாதம் நடந்தது. பெட்டிக்குள் இருந்தது ஒரு மதர்போர்ட். கம்ப்யூட்டரின் மற்றப் பாகங்களை எல்லாம் தன்மேல் சுமந்துகொண்டு, ஒன்றோடு ஒன்று பேச வைக்கிற பெரிய தட்டு. அதை வாங்கத்தான் அருள் — அதாவது என் வீட்டுக்காரர் — எங்கள் மலையூரான லிந்துலையில் இருந்து கண்டிக்குப் போய் வந்திருந்தார்.

அருள் ஓய்வு பெற்ற டீமேக்கர். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாடப் போடுவதில் இருந்து தூளாகி மூட்டை ஏறும் வரைக்கும் பொறுப்பு அவருடையதாக இருந்தது. மெஷின் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. எனக்கோ மிக்சி போட்டாலே ஒரு கை சுவிட்சில் இருக்கும். எங்களுக்குப் பிறந்தவள் ஷெரின்.

கட்டப்போகிற வீட்டின் படத்தைக் கொடுத்தால், கட்டி முடித்த வீட்டுக்குள் நாம் நடந்து போகிற மாதிரி வீடியோ செய்து தருவாள். அதுதான் அவள் படித்த வேலை. கொழும்பில் ஒரு நிறுவனம், “முதலில் ஒரு வீட்டைச் செய்து காட்டுங்கள். பிடித்திருந்தால் உங்கள் ஊரில் இருந்தே வேலை செய்யலாம்” என்று சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

ஊரில் இருந்தே! இந்த இரண்டு வார்த்தைக்காக நான் எத்தனை ஜெபம் பண்ணியிருப்பேன்? எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் படித்து முடித்ததும் பஸ் ஏறிவிடுகிறார்கள். பிறகு கிறிஸ்மஸுக்கும் தீபாவளிக்கும்தான் முகம் தெரியும்.

பிரச்சினை என்னவென்றால், அவளுடைய பழைய லேப்டொப் அந்த வேலைக்குத் தாங்கவில்லை. கட்டளை கொடுத்துவிட்டுச் சமைத்து, சாப்பிட்டு, துணி துவைத்துக் காயப் போட்டுவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும். அதனால் பாகங்களை வாங்கி, புதிதாக ஒரு கம்ப்யூட்டரைத் தானே பூட்டுவது என்று முடிவெடுத்தாள். அதை ஓவர்க்ளொக் பண்ணுவது என்றும் முடிவெடுத்தாள்.

“அப்படின்னா?” என்று கேட்டேன்.

“ப்ரொசெசருக்குக் கம்பனி ஒரு வேகம் வச்சிருக்கும்மா. அதுக்கு மேல ஓட வைக்கிறது.”

“கம்பனிக்காரன் தெரியாமலா அந்த வேகத்த வச்சிருக்கான்? வெடிச்சிராதா?”

“வெடிக்காதும்மா. தாங்க முடியலைன்னா நின்னுரும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம். அருள் குளிக்கப் போனதும் நான் ஷெரினைக் குசினிக்குள் இழுத்தேன். “என்னடி? உண்மையச் சொல்லு.”

அவள் கண் கலங்கிவிட்டது. “இது வேற போர்டும்மா. இதுல ஓவர்க்ளொக் பண்ண முடியாது.”

“பெட்டியில ‘கேமிங்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே? லைட் எல்லாம் எரியும்னு படம் இருக்கே?”

“லைட் எரியும். வேகம் கூடாது.”

நானும் உங்களைப் போல ஒன்றும் தெரியாதவள்தான். சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே அவளிடம் பாடம் கேட்டேன். மதர்போர்டில் சிப்செட் என்று ஒன்று இருக்கிறது. போர்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானிப்பது அது. சில சிப்செட் வேகத்தைக் கூட்ட விடும், சில விடாது. பெயரில் பார்த்தால் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தும் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரு கம்பனியில் அனுமதி என்று அர்த்தமாகிற எழுத்து, இன்னொரு கம்பனியில் அனுமதி இல்லை என்று அர்த்தமாகலாம். ஆகவே எழுத்தை மனப்பாடம் பண்ணிப் பிரயோசனம் இல்லை. கடைக்குப் போகும் முன்பே தயாரிப்பாளரின் இணையத்தளத்தில், அந்தப் போர்டின் முழுப் பெயரையும் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ப்ரொசெசரும் வேகம் கூட்ட அனுமதிக்கிற வகையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று மறுத்தாலும் கதை முடிந்தது.

ஷெரின் சரியான பெயரைத்தான் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கடையில் அது கைவசம் இல்லை. “இது அதே மாதிரிதான் ஐயா, இன்னும் அழகா இருக்கும்” என்று ஒருவர் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“அப்பாகிட்ட சொல்லிரு. மாத்திட்டு வரட்டும்.”

“சொல்லவே மாட்டேன். பஸ்ல சீட் கெடைக்காம நின்னுகிட்டே வந்திருக்காரும்மா. மேல வச்சா குலுங்கும்னு பெட்டியக் கையிலேயே வச்சிருந்தாராம். அவரு மூஞ்சியப் பாத்தீங்கள்ல?”

பார்த்தேன். ஃபெக்டரியில் நல்ல தூள் வந்த நாளில் வீட்டுக்கு வருவாரே, அதே முகம்.

நான் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் குளித்துவிட்டு வந்து, “பாப்பா, எப்ப பூட்டுறோம்?” என்று உட்கார்ந்துவிட்டார்.

“கூலர் வரலைப்பா. வந்ததும் பூட்டிரலாம்” என்றாள் ஷெரின்.

கூலர் என்பது ப்ரொசெசரின் சூட்டைத் தணிக்கிற விசிறி. அது இல்லாமல் கம்ப்யூட்டரைப் போடக்கூடாது. அந்த வாரமே குரியரில் வந்துசேர்ந்தது. அவர் வெளியே போயிருந்தார். வந்த கூலரை ஷெரின் என்ன செய்தாள் தெரியுமா? என் புடவை அலுமாரிக்குள், கல்யாணப் பட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்!

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தினமும் “கூலர் வந்துச்சா?” என்பார். அவள் “இன்னும் இல்லப்பா” என்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர் அலுமாரிப் பக்கம் போனாலே, “என்னங்க வேணும்? நான் எடுத்துத் தர்றேன்” என்று ஓடுவேன். அவளோ பழைய லேப்டொப்பில் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசி நெருங்கியது. அவள் நகத்தைக் கடித்தாள். நானும் கடித்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அருள் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்டால், “சும்மா... நியூஸ்” என்பார். நியூஸ் பார்க்கிறவர் எதற்கு இடையிடையே நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை காலையில் நல்ல மழை. “ஹட்டனுக்குப் போயிட்டு வர்றேன் ரீட்டா, ஒருத்தரப் பாக்கணும்” என்று குடையோடு கிளம்பினார். இந்த மழையிலா என்றேன். “மழைக்குப் பயந்தா நம்ம ஊர்ல வாழ முடியுமா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவருக்கு ஃபோன் எடுத்தேன். அணைந்திருந்தது.

மறுபடி எடுத்தேன். அணைந்திருந்தது.

பக்கத்து வீட்டு சுனில் சிங்களவர், த்ரீவீலர் ஓட்டுகிறவர். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். “டீச்சர், ஐயா எங்க? கினிகத்தேனைப் பக்கம் பார வஹலா. ரோட்ட மூடிட்டாங்க. மண்ணு சரிஞ்சிருக்கு.”

“அவரு ஹட்டனுக்குத்தான் போனாரு சுனில். அந்தப் பக்கம் போக வேலை இல்லையே...” என்றேன். சொல்லும்போதே ஏதோ உறுத்தியது.

உள்ளே இருந்து ஷெரின் கூப்பிட்டாள். “அம்மா... போர்ட் பெட்டியக் காணோம்.”

ஷெல்ஃபில் அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அவர் ஹட்டனுக்குப் போகவில்லை. கண்டிக்குப் போயிருக்கிறார். ஹட்டனில் பஸ் ஏறினால் கினிகத்தேனையைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பி வருவதும் அதே வழிதான். மண் எப்போது சரிந்தது? அவர் போகும்போதா, வரும்போதா? அந்த நேரம் பஸ் எங்கே நின்றது?

மலையில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். மழை பெய்கிற நாளில் யாராவது பாதையில் இருந்தால், வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவையும் மனதுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார்கள்.

ஷெரின் நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “நான் சொல்லியிருக்கணும்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். ஒரு போர்டுக்காக அவரு...”

“வாயக் கழுவு” என்று அதட்டினேன்.

சுனில் கினிகத்தேனையில் பஸ் ஓட்டுகிற கூட்டாளி ஒருவருக்கு ஃபோன் போட்டார். சிங்களத்தில் கொஞ்ச நேரம் பேசினார். அவர் பேசப் பேச நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “டீச்சர், பய வென்ன எபா. பயப்பட வேணாம். வாகனம் எதுவும் மாட்டல. மண்ணும் கல்லும் மட்டும்தான். ஆனா ரோட்டு இன்னைக்குத் தொறக்க மாட்டாங்க.”

நெஞ்சில் இருந்து பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி? ஆளைப் பார்க்கும் வரை அது எங்கே இறங்கும்?

நானும் ஷெரினும் ஹட்டன் பஸ் வருகிற தலவாக்கலைப் பக்கத்துப் பாதையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றோம். மாலை ஆனது. பனி இறங்கியது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்துப் பக்கம் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. வந்த பஸ்ஸில் எல்லாம் வேறு யாரோ இறங்கினார்கள்.

“என்ன, ரெண்டு பேரும் யாரத் தேடுறீங்க?”

குரல் பின்னால் இருந்து வந்தது. நுவரெலியாப் பக்கத்துப் பாதையில் இருந்து அருள் நடந்து வந்துகொண்டிருந்தார். தலையில் இருந்து செருப்பு வரை நனைந்திருந்தார். ஜேக்கட்டுக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தார். ஹட்டன் பாதையை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, புசல்லாவை, ரம்பொடை என்று சுற்றிக்கொண்டு மேல் பக்கமாக வந்திருக்கிறார்!

நான் திட்ட ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஷெரின் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

“பாத்து, பாத்து பாப்பா... போர்ட் நசுங்கிரும்” என்றார் மனிதர்.

உள்ளே வந்து, துவட்டி, சூடாக பிளேன்டீ குடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மகளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று அவர் ஓவர்க்ளொக் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார். அதில் ஒருவர் முதலில் சிப்செட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். இவர் பெட்டியை எடுத்துப் பார்த்திருக்கிறார். வேறு எழுத்து.

“பாப்பாவுக்கு வெளங்கல போலனு நெனச்சேன். தெரிஞ்சா மனசு ஒடஞ்சிரும். அதான் சத்தமில்லாம மாத்திட்டு வந்திரலாம்னு போனேன்.”

கேட்டீர்களா கதையை! அப்பா மனம் உடைந்துவிடும் என்று மகள் மறைத்திருக்கிறாள். மகள் மனம் உடைந்துவிடும் என்று அப்பா மறைத்திருக்கிறார். நடுவில் என் உயிர் போய் வந்திருக்கிறது.

“ஃபோனை எதுக்குங்க அணைச்சு வச்சீங்க?”

“அணைக்கல. பஸ்ல போறப்ப வீடியோ பாத்துகிட்டே போனேன். பெட்ரி செத்துருச்சு.”

“கடையில ஒண்ணும் சொல்லலையாப்பா?” என்று கேட்டாள் ஷெரின்.

“‘ஒரு எழுத்துதான ஐயா வித்தியாசம்’னான். ‘சரி தம்பி, அந்த ஒரு எழுத்த மட்டும் மாத்திக் குடுத்துருங்க’ன்னு சொல்லிட்டு ஸ்டூலப் போட்டு ஒக்காந்துட்டேன். சீல் ஒடைக்காம இருந்ததால வேற கடையில இருந்து எடுத்துக் குடுத்தான்.”

ஷெரின் எழுந்து போய் என் அலுமாரியில் இருந்து கூலரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அருள் கூலரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சர்ச் முடிந்து வந்ததும் பெட்டியைப் பிரித்தோம். இந்தப் போர்ட் அழகில் முந்தியதற்குக் கிட்டவும் வராது. கறுப்பாக, பாரமாக இருந்தது. லைட்டைக் காணோம். ஷெரின் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளைக்கு இதே கேள்வியோடு வந்து நிற்கலாம்.

ப்ரொசெசர் உட்காருகிற இடத்தைச் சுற்றி, மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற பகுதி ஒன்று இருக்கிறது. வேகம் கூடினால் கரண்ட் கூடுதலாக இழுக்கும்; முதலில் சுடுவது அந்தப் பகுதிதான். அதன்மேல் கனமான உலோகத் தகடுகள் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால் வேண்டாம். மேலே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் மூடியைத் தகடு என்று நம்பிவிடாதீர்கள். அடுத்தது, பின்பக்கத்தில் பழைய நிலைக்குத் திருப்புகிற பட்டன் இருந்தால் நல்லது. அது எதற்கு என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன். பவர் சப்ளையும் கூலரும் மட்டமாக இருந்தால் எந்தப் போர்டாலும் காப்பாற்ற முடியாது. எங்கள் ஊர் இடி மின்னலுக்கு, மழை இருட்டினாலே ப்ளக்கைக் கழற்றுவது என் பொறுப்பு. இது ஷெரின் சொன்னது இல்லை, நானாக எடுத்துக்கொண்டது.

பூட்டி முடித்ததும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. அதோடு விட்டாளா? வேகத்தைக் கூட்டினாள். ஓடியது. இன்னும் கூட்டினாள். அருள் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் சூட்டின் அளவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஃபெக்டரியில் ட்ரையரைப் பார்க்கிற மாதிரி. “போதும் பாப்பா” என்றேன். “இன்னும் கொஞ்சம்மா” என்று ஒரு பெரிய தாவலாகத் தாவினாள்.

திரை கறுத்துவிட்டது.

விசிறி சுற்றுகிறது. திரையில் ஒன்றும் இல்லை. அணைத்துப் போட்டாள். கறுப்பு. மறுபடி அணைத்துப் போட்டாள். கறுப்பு. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாதக் கடைசி, கொழும்பு, வேலை, மண்சரிவைச் சுற்றி வந்த மனுஷன்... எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விட்டதா? எனக்கு வேர்த்துவிட்டது. லிந்துலைக் குளிரில்!

ஷெரின் பிளக்கைக் கழற்றினாள். பின்பக்கத்தில் இருந்த அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். விட்டாள். பிளக்கை மாட்டிப் போட்டாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு திரை வெளிச்சமானது. அருள் விட்ட பெருமூச்சில் மேசையில் இருந்த ஸ்டிக்கர் பறந்தது.

இப்போது புரிகிறதா அந்தப் பட்டன் எதற்கு என்று? நாம் எல்லை மீறிக் கேட்டுவிட்டால், அதை மறந்து போர்ட் முதலில் இருந்து ஆரம்பிக்க. அதன் பிறகு ஷெரின் தாவவில்லை. கொஞ்சம் கூட்டுவாள். வெகுநேரம் ஓடவிட்டுப் பார்ப்பாள். சூடு அடங்கினால்தான் அடுத்த படி. கடைசியில் கூடிய வேகம் என்னவோ கொஞ்சம்தான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். பழைய லேப்டொப்பைவிட இது பாய்ந்து ஓடுவதற்குப் பெரும்பங்கு காரணம் புதுப் பாகங்கள்தானாம். “அப்ப எதுக்குடி இந்தப் பாடு?” என்றேன். “அந்தக் கொஞ்சமும் எனக்குத் தேவைம்மா” என்றாள்.

வேலையைச் சொன்ன தேதிக்கு முன்பே அனுப்பிவிட்டாள். பதில் வரும் வரை நான் பட்ட பாட்டை எழுத இந்தப் பக்கம் காணாது. அவளை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். இப்போதைக்குத் தற்காலிகம்தான். ஆனால் இருப்பது லிந்துலையில், எங்கள் வீட்டு முன்னறையில். எனக்கு அது போதும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அருள் சொன்னார். “பாப்பா, இனிமே நான் எதையாவது தப்பா வாங்கிட்டு வந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிரு. மண்ணு சரியிறதுக்கு முன்னாடியே சொல்லிரு.”

அவள் தலையாட்டினாள். அன்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் எத்தனை பேர் இப்படி ஒருவருக்கொருவர் பெட்டியை ஒளித்துக்கொண்டிருக்கிறோமோ!

நேற்று தலவாக்கலையில் இருந்து அவளுக்கு ஒரு சுவெட்டர் வாங்கி வந்தார். நல்ல எலுமிச்சை மஞ்சள். “எப்படி?” என்று விரித்துக் காட்டினார்.

ஷெரின் ஒரு நிமிடம் பார்த்தாள். “கலர் கண்ணக் குத்துதுப்பா.”

இத்தனை வருடத்தில் அந்த மனுஷன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் பில்லைத் தேடிக்கொண்டே சிரித்தார். அவளும் சிரித்தாள். வீடே சிரித்தது.

எனக்குத்தான் இப்போது புதுப் பயம்... இன்றைக்கு நான் வைத்த சாம்பாரைப் பற்றி இரண்டு பேரும் என்ன சொல்லப்போகிறார்களோ!